டிஸ்பிளேயில் 200 வாட், உள்ளே 20 ஆம்பியர் பேட்டரி: வேப் கருவிகள் வெடிப்பது எதனால்?

இந்தியாவில் இ-சிகரெட் தடை செய்யப்பட்டு ஆறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் பெங்களூருவிலோ குருகிராமிலோ ஓர் ஐடி அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், கண்ணில் படாமல் இருக்காது. கலர் கலராக, பென் டிரைவ் சைஸில் இருப்பது ஒரு வகை. உள்ளங்கையை நிறைக்கும் கனமான பெட்டி, முகப்பில் சின்னத் திரை, திரையில் வாட் கணக்கு, ஒரு இழுப்புக்கு ஒரு பால்கனியையே மறைக்கும் புகை: இது இன்னொரு வகை. வைத்திருப்பவர்கள் இதை 'மாட்' என்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. நிக்கோட்டின் நல்லதா கெட்டதா, சிகரெட்டைவிட இது மேலா என்ற பட்டிமன்றத்துக்குள் போகவில்லை. அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத விஷயம் வேறு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியிடம் அதனால் தாங்க முடியாத வேலையைக் கேட்கிறோமா, கேட்டால் என்ன ஆகும், அதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்பதுதான் அது. கடைசிக் கேள்விக்கு இந்தியாவில் பதில் ரொம்பச் சின்னது: யாருமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 செப்டம்பர் 18 அன்று அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அன்று செய்தியாளர்களிடம் அறிவித்தவர் நிர்மலா சீதாராமன். டிசம்பரில் அது முழுச் சட்டம் ஆனது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் எல்லாமே குற்றம். விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். சேமித்து வைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2018-இல், தன் அளவில் தடை போட்டிருந்தது.

அந்தப் பட்டியலில் 'பயன்படுத்துதல்' என்ற சொல் மட்டும் கிடையாது. "நான் விக்கல, வாங்கி வெச்சிருக்கேன், அவ்ளோதானே" என்று பலர் சொல்வதற்கு இந்த இடைவெளிதான் காரணம். வாங்குவதற்கு ஒருவர் விற்றாக வேண்டும், அதற்குமுன் ஒருவர் நாட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும் என்பதையும், கையில் வைத்திருப்பதையே 'சேமிப்பு' என்று பார்க்க இடம் இருக்கிறது என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை. ஆக, உங்கள் நண்பர் டிராயரில் இருக்கும் மாட், பில் இல்லாமல், வாரண்டி இல்லாமல், யார் செய்தது என்றே தெரியாமல் வந்த ஒரு மின்சாதனம். இதை மனதில் வைத்துக்கொண்டு பேட்டரிக்கு வருவோம்.

போனிலும் இதே பேட்டரிதானே?

நியாயமான கேள்வி. வேதியியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். வேறுபாடு, எவ்வளவு வேகமாகக் கறக்கிறோம் என்பதில்.

ஒரு சாதாரண போனின் 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் இருக்கும். அதைப் பத்து மணி நேரம் ஓட்டினால், சராசரியாக 2 வாட்தான் எடுக்கிறீர்கள். மாட்களுக்குள் பெரும்பாலும் இருப்பது '18650' என்ற செல். பெயர் ஒன்றும் ரகசியக் குறியீடு இல்லை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம், அவ்வளவுதான். நல்ல செல் ஒன்றில் 3,000 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 11 வாட்-மணிக்குக் கொஞ்சம் குறைவான ஆற்றல். அதிலிருந்து 100 வாட் இழுத்தால் மொத்தமும் ஆறரை நிமிஷத்தில் காலி. போன் ஒரு நாள் முழுக்கக் குடிப்பதில் பாதிக்கும் மேல், ஒரு சாயா ஆறுவதற்குள்.

எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைகளில் ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் 25 வாட். அதைப்போல நான்கு மடங்கு வெப்பத்தை, ஆள்காட்டி விரல் அளவுள்ள பேட்டரியில் இருந்து எடுத்து, உதட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒரு கம்பிச்சுருளில் கொட்டுகிறோம். 'ஹை-வாட்டேஜ்' என்றால் நடைமுறையில் இதுதான்.

அந்த வேகத்தை செல் தாங்குமா என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. தொடர்ந்து எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் ஆம்பியர் வரம்பு. மில்லிஆம்பியர்-மணி என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. இந்த ஆம்பியர் வரம்பு, குழாய் எவ்வளவு அகலம் என்பது. வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். வேப் விஷயத்தில் உயிரோடு சம்பந்தப்பட்டது இரண்டாவது எண். பெயர்பெற்ற 18650 செல்களில் பெரும்பாலானவை 15 முதல் 30 ஆம்பியருக்குள் வரும். பொதுவாக, கொள்ளளவு கூடினால் இந்த வரம்பு குறையும். ஒரே டப்பாவுக்குள் இரண்டையும் உச்சத்தில் வைப்பது கஷ்டம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பத்தாம் வகுப்பு ஓம் விதி போதும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்.

மாட்களில் இரண்டு குடும்பம் உண்டு. முதலாவது 'மெக்கானிக்கல்': ஒரு உலோகக் குழாய், ஒரு பட்டன், உள்ளே பேட்டரி, மேலே காயில். சர்க்யூட் போர்டே கிடையாது. அழுத்தினால் பேட்டரியும் காயிலும் நேரடியாக இணையும். முழு சார்ஜில் செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். காயில் 0.15 ஓம் என்றால் மின்னோட்டம் 28 ஆம்பியர், திறன் சுமார் 118 வாட். செல்லின் வரம்பு 20 ஆம்பியர் என்றால் 40 சதவீதம் மீறியாயிற்று. எச்சரிக்க விளக்கு இல்லை, நிறுத்த சிப் இல்லை. காயிலைச் சுற்றும்போது கை தவறிக் கம்பி எங்கேயாவது உரசினால் தடை பூஜ்யத்தை நோக்கிப் போகும். பட்டன் பைக்குள் அழுந்தி மாட்டிக்கொண்டால், யாராவது கவனிக்கும்வரை அழுந்தியபடியேதான் இருக்கும்.

"அதனாலதான் நான் மெக்கானிக்கல் வாங்கல, சிப் இருக்கறதுதான் வாங்கினேன்" என்பவர்கள் இரண்டாவது குடும்பம். உண்மையிலேயே இது எவ்வளவோ தேவலை. ஷார்ட் ஆனால் சிப் கண்டுபிடித்து நிறுத்தும், பட்டனைப் பத்து விநாடி போல அழுத்தினால் தானாக அணைந்துவிடும், ஐந்து முறை தட்டினால் லாக் ஆகும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு திருகல் இங்கே இருக்கிறது.

மெக்கானிக்கலில் பேட்டரி தீரத் தீர மின்னழுத்தம் இறங்கும், மின்னோட்டமும் கூடவே இறங்கும். சிப் உள்ள கருவியில் நேர் எதிர். நீங்கள் 200 வாட் என்று வைத்தால், பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் 200 வாட் கொடுத்தே தீருவது சிப்பின் வேலை. மின்னழுத்தம் குறைந்தால் ஈடுகட்ட அதிக மின்னோட்டம் இழுக்கும். இரண்டு செல் போட்ட 200 வாட் கருவியில் ஒரு செல்லுக்கு 100 வாட். சர்க்யூட்டில் பத்து சதவீதம் வீணாவதாக வைத்துக்கொண்டால், முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 26 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். சார்ஜ் தீரும் தறுவாயில், 3.2 வோல்ட்டில், அதே 200 வாட்டுக்கு கிட்டத்தட்ட 35 ஆம்பியர். அதாவது பேட்டரி களைத்துப்போய் இருக்கும்போதுதான் அதிகபட்ச வேலை வாங்கப்படுகிறது. சிக்னல் கம்பி குறையும்போது போன் சூடாவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைவிட நூறு மடங்கு உக்கிரம்.

20 ஆம்பியர் செல் ஒன்றிடம், அது தீரும் நிலையிலும் வரம்பு தாண்டாமல் எவ்வளவு கேட்கலாம்? 20-ஐ 3.2-ஆல் பெருக்கி, பத்து சதவீதம் கழித்தால் சுமார் 58 வாட். இரண்டு செல்லுக்கு 115 வாட். திரையில் 200 வரை, சிலவற்றில் அதற்கும் மேல் போகும். அது சிப்பால் கொடுக்க முடிந்த அளவு. உள்ளே நீங்கள் போட்டிருக்கும் செல்லின் அளவு இல்லை. மின்னழுத்தம் ரொம்பச் சரிந்தால் 'பேட்டரி வீக்' என்று சிப் சொல்லும். ஆனால் செல்லின் உறையில் அச்சாகியிருக்கும் ஆம்பியர் எண்ணைப் படிக்க அதற்கு வழியில்லை. நீங்கள் நல்ல செல் போட்டிருப்பீர்கள் என்று அது நம்புகிறது. இது ஒரு சர்க்யூட் உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை.

"ஒரு இழுப்பு மூணு விநாடிதானே, அதுக்கெல்லாம் பேட்டரி சூடாகுமா" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு இழுப்பில் ஆகாது. ஆனால் பத்து இழுப்பு அடுத்தடுத்து எடுத்தால் செல் ஆறுவதற்கு நேரமில்லை. தவிர, விநாடிக் கணக்கில் மட்டும் தாங்கும் உச்ச அளவைத்தான் சில கடைகள் பெரிய எழுத்தில் போட்டு விற்கின்றன. '40 ஆம்பியர்' என்று 18650 உறையில் கண்டால் முதலில் எழ வேண்டிய சந்தேகம், இது தொடர் வரம்பா, நொடி நேர வரம்பா என்பதே.

வெடிக்கும்போது உள்ளே நடப்பது

லித்தியம்-அயன் செல்லுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாய் மாதிரிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் பிரிப்பான். எல்லாம் ஊறிக்கிடப்பது எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில். செல் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே ஒரு வேதிவினை தொடங்கும், அது தானே வெப்பத்தை வெளியிடும், அந்த வெப்பம் அடுத்த வினையைத் தூண்டும். சுமார் 130 டிகிரி செல்சியஸை ஒட்டி பிரிப்பான் உருகத் தொடங்கினால் இரு தகடுகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். அதன்பிறகு வெளியில் இருந்து யாரும் எதையும் அணைக்க முடியாது. வெப்பம் வெப்பத்தை வளர்க்கும் இந்தச் சங்கிலியை 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள்.

செல்லின் தலைப்பகுதியில் வாயு வெளியேறச் சின்ன ஓட்டைகள் உண்டு. அந்த வாயு போக இடம் வேண்டும். லேப்டாப்பில், ஸ்கூட்டரில் ஓரளவு இடம் இருக்கும். இரு பக்கமும் மூடிய உலோகக் குழாயில், காற்றுத் துளை இல்லாமல் அடைத்தால், அது நாம் தீபாவளிக்கு விடும் ராக்கெட்டின் வடிவமைப்பு. உவமைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2014 அறிக்கையே இந்தக் கருவிகள் எரியும் ராக்கெட் போலப் பாயக்கூடியவை என்று எழுதியிருக்கிறது.

அதே நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட இன்னொரு அறிக்கை, 2009 முதல் 2016 வரை அங்கே செய்திகளில் வந்த 195 வெடிப்பு, தீ சம்பவங்களைத் தொகுத்தது. 133 பேருக்குக் காயம், அதில் 38 பேருக்குப் பலத்த காயம். அதில் கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. வாயில் வைத்து இழுக்கும்போது நடந்தவை 60. சார்ஜ் போட்டிருக்கும்போது 48. கருவியோ உதிரி பேட்டரியோ சட்டை, பேன்ட் பாக்கெட்டில் சும்மா இருக்கும்போது 61. பயன்படுத்தாதபோதும் அதே அளவு ஆபத்து.

ஏன் பாக்கெட்? 18650 செல்லின் வெளி உடம்பு முழுவதுமே எதிர்முனை. தலையில் இருக்கும் சின்னப் பொட்டு மட்டும் நேர்முனை. இரண்டையும் பிரிப்பது ஒரு காகித வளையமும், பலூன் ரப்பர் அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறையும். உறையில் தலைப்பக்கம் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்து, பாக்கெட்டில் பைக் சாவியோ ஐந்து ரூபாய் நாணயமோ சேர்ந்தால் போதும், முழு ஷார்ட் சர்க்யூட். தொடையில், கையில், இடுப்புக்குக் கீழே தீக்காயம். பேன்ட்டை அவிழ்ப்பதற்குள் முடிந்துவிடும்.

செய்திகளில் வந்ததை மட்டும் எண்ணினால் கணக்கு குறையும் என்று பின்னால் தெரிந்தது. 'டொபாக்கோ கண்ட்ரோல்' ஆய்விதழில் 2018-இல் வந்த ஆய்வு, 2015 முதல் 2017 வரையிலான மூன்று ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வேப் வெடிப்பு, தீக்காயத்தோடு வந்தவர்கள் 2,035 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஓர் இளைஞரும் கருவி வெடித்து இறந்தார்கள். இருவர் விஷயத்திலும் சில்லுகள் உடம்புக்குள் பாய்ந்திருந்தன. ஒருவருக்குத் தலையில், மற்றவருக்குக் கழுத்துத் தமனியில்.

கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பொருளில் இது அபூர்வம்தானே என்று வாதிடலாம். சரிதான், அபூர்வம். ஆனால் அந்த எண்கள் எல்லாம், வேப் சட்டப்படி விற்கப்படும், கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கும், வழக்குப் போட ஒரு முகவரி இருக்கும் ஒரு நாட்டின் எண்கள். நம் ஊரில் எண்ணுவதற்கே ஆள் இல்லை. வெடித்துக் காயமானவர் மருத்துவமனையில் 'பவர் பேங்க் வெடிச்சிருச்சு' என்று சொல்வதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

போலி உறை என்ற தனிக் கதை

18650 செல் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. டார்ச் லைட், பவர் பேங்க், ப்ளூடூத் ஸ்பீக்கர், ஸ்கூட்டர் பேட்டரி பேக் என எங்கும் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் ஆன்லைனிலும் உதிரியாகக் கிடைக்கிறது. சிக்கல், உதிரியாகக் கிடைப்பதில்தான். பெரிய தயாரிப்பாளர்கள் இவற்றைப் பாதுகாப்புச் சர்க்யூட்டோடு சேர்த்துக் கட்டிய பேக்குகளுக்காகச் செய்கிறார்கள், தனி ஆளுக்கு ஒவ்வொன்றாக விற்க அல்ல. பழைய லேப்டாப் பேக்கைப் பிரித்து, செல்லை எடுத்து, புது உறை சுற்றி, புதிய எண் அச்சடித்து விற்பது ஒரு தனித் தொழில். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதைக் குறிப்பிட்டே எச்சரித்தது: உதிரி 18650 செல்களை வாங்காதீர்கள், பயன்படுத்தாதீர்கள் என்று.

பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி சொல்கிறேன். இந்த அளவு செல்லில் உண்மையில் அடைக்க முடிந்தது சுமார் 3,500 மில்லிஆம்பியர்-மணி, கொஞ்சம் முன்னே பின்னே. உறையில் 6,800 என்றோ 9,900 என்றோ இருந்தால் அது அப்பட்டமான பொய். கொள்ளளவிலேயே மூன்று மடங்கு கதை விடும் ஆள், ஆம்பியர் வரம்பில் மட்டும் அரிச்சந்திரனாக இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எடை போட்டாலும் தெரியும். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கு குறைவு. வேப் பக்கமே போகாதவர்களுக்கும் இது பயன்படும். அந்த 9,900 செல் உங்கள் வீட்டு டார்ச் லைட்டிலும் இருக்கலாம்.

அப்போ யார்தான் வரம்பு வைக்க வேண்டும்?

வெளிநாடுகளிலும் இது முழுசாகத் தீர்ந்த கதை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 புகையிலைப் பொருள் வழிகாட்டுதல், திரவத்தில் நிக்கோட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், டேங்க் 2 மில்லிலிட்டர் என்றெல்லாம் நுணுக்கமாக அளவு வைத்தது. ஆனால் வாட்டுக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. அமெரிக்காவில் 'யூஎல் 8139' என்று இந்தக் கருவிகளின் மின்சாரப் பகுதிக்கே ஒரு பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது. பேட்டரி, சார்ஜிங், ஷார்ட், அதிக வெப்பம் எல்லாம் சோதிக்கப்படும். ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம்.

இந்தியாவில் கையடக்கச் சாதனங்களுக்கான லித்தியம் செல்களும் பவர் பேங்குகளும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்குள் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த முத்திரை, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் செல் பாதுகாப்பானது என்பதற்கு. அதை 35 ஆம்பியர் கறக்கும் பெட்டியில் போடுவீர்கள் என்று எந்த ஆய்வகமும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பெட்டியையோ யாரும் சோதிக்கவே முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது இருக்கவே கூடாத பொருள்.

மின்சார ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு போட்டது, 'ஏஐஎஸ்-156' என்ற பேட்டரித் தரநிலையைத் திருத்தியது, 2022 டிசம்பரில் இருந்து இரண்டு கட்டமாகக் கட்டாயமாக்கியது. ஒரு செல் தெர்மல் ரன்அவேக்குப் போனாலும் அது பக்கத்துச் செல்லுக்குப் பரவக் கூடாது என்பது வரை சோதனை வந்தது. தாமதம்தான், ஆனால் நடந்தது. காரணம், ஸ்கூட்டர் சட்டபூர்வமான பொருள். கேள்வி கேட்க ஒரு கம்பெனி இருந்தது, திரும்பப் பெறு என்று உத்தரவு போட ஒரு மாடல் எண் இருந்தது.

இதைச் சொல்வது தடையை நீக்குங்கள் என்பதற்காக இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போகிறது என்ற கவலைதான் 2019-இல் பிரதானக் காரணமாகச் சொல்லப்பட்டது, அந்தக் கவலை இன்றும் செல்லுபடியாகும். ஆனால் தடை ஒரு பொருளைக் கடையிலிருந்து எடுக்கிறது, அதன் பேட்டரிக்கு மதி கொடுப்பதில்லை. தடையை முழுதாகச் செயல்படுத்தாமல், செயல்படுத்துவதாகவும் நினைத்துக்கொண்டு இருப்பதில்தான் மோசமான பலன் வருகிறது. பொருளும் புழக்கத்தில் இருக்கும், பாதுகாப்பும் இருக்காது. என் பார்வையில், பறிமுதல் செய்யப்படும் கருவிகளில் இருக்கும் பேட்டரிகளையாவது ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, என்ன தரத்தில் இருக்கின்றன என்று வெளியிடலாம். தீக்காயத்தோடு வருபவரிடம் எந்தச் சாதனம் என்று மருத்துவமனைகள் ஒரு கட்டம் போட்டுக் குறிக்கலாம். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

சரி, வீட்டில் ஒன்று கிடக்கிறது. என்ன பண்றது?

முதலில், அதை விட்டுவிடுவதே சட்டப்படியும் உடம்புக்கும் சரி. உடன் தங்கியிருப்பவரிடம் இருந்தாலும், அறைக்குத் தீ வந்தால் அது உங்கள் அறையும்தான். ஆகவே சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும்.

உதிரி செல்லை பாக்கெட்டிலோ பையிலோ அப்படியே போடவே கூடாது. பிளாஸ்டிக் டப்பா முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. உறையில் கிழிசல், நசுங்கல், துரு, ஈரம் எது இருந்தாலும் அந்தச் செல்லின் ஆயுள் முடிந்தது. இரண்டு செல் போடும் கருவியில் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று கலக்கக் கூடாது. பலவீனமானது முதலில் தீர்ந்துபோய், மற்றது அதைத் தலைகீழாக இழுக்க ஆரம்பிக்கும். ராத்திரி தலையணைப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதை போனுக்கே விட வேண்டும் என்பேன், இதற்குக் கேட்கவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவதும் அப்படித்தான்.

விமானத்தில் லக்கேஜில் போட்டு அனுப்பிவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சரக்கு அறையில் லித்தியம் செல் எரிந்தால் யாருக்கும் தெரியாது, அங்கிருக்கும் தீயணைப்பு வாயுவால் தெர்மல் ரன்அவேயை நிறுத்தவும் முடியாது. அதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இலேயே இ-சிகரெட்டை செக்-இன் லக்கேஜில் போடத் தடை விதித்தது.

செல் சூடாகி, உஸ்ஸென்று சத்தமோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தால், கையில் எடுக்க வேண்டாம், விலகுங்கள். புகையைச் சுவாசிக்கக் கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு மாதிரியான நச்சு வாயுக்கள் இருக்கும். சின்னத் தீயாக இருந்து, பாதுகாப்பாக நெருங்க முடிந்தால், நிறையத் தண்ணீர் ஊற்றி ஆற வைக்கலாம். லித்தியம் என்றால் தண்ணீரே கூடாது என்ற பேச்சு, இந்த வகை பேட்டரிக்குப் பொருந்தாது. தண்ணீர் செல்லைக் குளிர்விக்கும், அதுதான் வேண்டும். ஒருமுறை அணைந்தது மறுபடி பற்றிக்கொள்ளும் என்பதால் உடனே கிட்டே போகாதீர்கள். உடம்பில் காயம் பட்டால், எரியும் துணியை அகற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் காட்டியபடி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே மருத்துவரிடம் 'லித்தியம் பேட்டரி' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் நெருப்புக் காயமாக இல்லாமல், ரசாயனக் காயமும் சேர்ந்திருக்கலாம். புண்ணின் காரத்தன்மையைச் சோதிக்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அந்த ஒரு தகவல் தேவை. சட்டத்துக்குப் பயந்து மறைக்க வேண்டிய இடம் அது இல்லை.

இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், எங்கே போடுவது? கழற்றக்கூடிய செல் என்றால் வேலை சுலபம். இரு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் பழைய பேட்டரிகளோடு கொடுத்துவிடலாம். கலர் கலரான டிஸ்போசபிள் வகைதான் தலைவலி. உள்ளே செல் ஒட்டியே இருக்கும், உடைத்து எடுக்கப் போனால் துளைத்துவிடும் ஆபத்து. பிரிட்டனில் வாரத்துக்கு 50 லட்சம் டிஸ்போசபிள் வேப்கள் தூக்கி எறியப்படுவதாக 2023-இல் 'மெட்டீரியல் ஃபோகஸ்' என்ற அமைப்பு கணக்குச் சொன்னது. குப்பை லாரிகளிலும் தரம்பிரிக்கும் கூடங்களிலும் தீப்பிடிக்கும் பிரச்சினை பெரிதாகி, 2025 ஜூன் 1 முதல் அந்த நாடு ஒருமுறை வீசும் வேப்களைத் தடை செய்தது.

நம் நாட்டில் 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின், இறக்குமதியாளரின் பொறுப்பு. வேப்புக்கு சட்டப்படி தயாரிப்பாளரும் இல்லை, இறக்குமதியாளரும் இல்லை. எனவே அது டீக்கடைப் பக்கத்துத் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து லாரியின் அமுக்கும் இயந்திரத்துக்குள் போகிறது, தப்பினால் கையுறைகூட இல்லாமல் குப்பையைப் பிரிக்கும் ஒருவரின் கைக்குப் போகிறது. அவர் அதை ஒரு பிளாஸ்டிக் பேனா என்றுதான் நினைப்பார்.